கண்ணாடியின் வலது ஓரம்

ஃப்ரிட்ஜ்காரருக்கு வழி தெரியாது. இதை அவர் காதுபடவே சொல்லலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். ஓடுகிற கம்ப்ரசர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே அதன் ஆயுசைச் சொல்லிவிடுவார். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையில் கேஸ் கசிந்தாலும் சோப்பு நுரையைத் தடவி இடத்தைப் பிடித்துவிடுவார். ஆனால் நேற்றுப் போய்விட்டு வந்த வீட்டுக்கு இன்றைக்குத் தனியாகப் போகச் சொன்னால் தெருமுனையிலேயே நின்று திருதிருவென்று விழிப்பார். சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்கு விசில் வராது, இவருக்குத் திசை வராது, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் காலையில் பால் வாங்கப் போனவர் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வீடு வந்து சேர்ந்தார் என்று அவர் மனைவி சொல்வாள். அதில் பாதி மிகை. மீதிப் பாதி உண்மை.

இப்படிப்பட்டவர் வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கிற தொழிலுக்கு ஏன் வந்தார் என்று கேட்காதீர்கள். தொழில் அமைந்துவிட்டது. அதை ஓட்டிக்கொண்டு போனது அவள்தான். போனை எடுப்பது அவள், விலாசம் கேட்பது அவள், சின்னக் காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டுக் கேஸ் சிலிண்டரையும் வேக்குவம் பம்பையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் முன்னால் இடது பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வதும் அவள். ஊர் முழுக்க அவளுக்கு அத்துப்படி. தெருப்பெயரைச் சொல்லி இவருக்கு விளங்கவைக்க முடியாது என்று சீக்கிரமே கண்டுகொண்டவள், வேறு ஒரு முறையைக் கையாண்டாள். பழுது பார்த்த ஃப்ரிட்ஜ் எதையும் இவர் மறக்க மாட்டார். அதனால் அவள் ஊரையே ஃப்ரிட்ஜ்களை வைத்து அடையாளம் சொன்னாள்.

"ஐஸ் கட்டிக் கதவே மூடாமப் போச்சே, அந்த வீடு வருதா? அங்க வலது பக்கம் திரும்புங்க. நேராப் போனா எலி வயரைக் கடிச்ச வீடு. அதைத் தாண்டி, தெர்மோஸ்டாட்டைப் பையன் திருகி உடைச்சானே, அவங்க வீட்டை ஒட்டி இடது."

இவருக்கு எல்லாம் கண்முன் வந்துவிடும். கியரைப் போட்டுப் போய்க்கொண்டே இருப்பார். சேர வேண்டிய வாசலில் வண்டி நின்றதும் அவள் இடது கையால் டாஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டி, "வந்தாச்சு" என்பாள். அந்தத் தட்டு விழுந்த பிறகுதான் இவர் என்ஜினை அணைப்பார். இவர்கள் குடித்தனம் அப்படியே வளர்ந்தது, ஒரு மகனும் வளர்ந்து படித்து வேறு ஊரில் வேலைக்குப் போனான். ஃப்ரிட்ஜ்காரருக்கு வழி கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பக்கத்திலேயே வழி உட்கார்ந்திருக்கும்போது எதற்குத் தோன்ற வேண்டும்?

ஒரு காலையில், வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில், அவள் கையிலிருந்த போன் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வலது கையும் காலும் பேருக்குத்தான் இருந்தன. கோல் ஊன்றி மெல்ல நடந்தாள். கண் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் வலது பக்கம் இருப்பது எதுவும் அவள் பார்வைக்கு வரவில்லை. தட்டில் இடது பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று நகர்த்துவாள், இவர் தட்டை அரைவட்டம் சுழற்றி வைத்தால் மறுபடி சாப்பிடுவாள். வாழ்க்கை முழுக்க வலது பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்டிய புருஷனை, இப்போது கழுத்தை முழுசாகத் திருப்பினால்தான் அவளுக்குத் தெரியும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பேச்சு போனதுதான் தாங்கவில்லை. போய்விட்டது என்று ஒரேயடியாகவும் சொல்ல முடியாது. சிதறிவிட்டது. கரண்டியைக் காட்டி "கதவு" என்பாள், தண்ணீர் வேண்டும் என்றால் "செருப்பு" என்பாள், தான் சரியாகச் சொல்லிவிட்டதாகவே நினைத்து இவர் முகத்தைப் பார்ப்பாள். இவர் செருப்பைக் கொண்டுவந்து வைத்தால் கண் கலங்கும். ஃப்ரிட்ஜ்கள் மொத்தமும் அவள் வாயை விட்டுப் போய்விட்டன. சிதறாமல் மிஞ்சியவை கொஞ்சம். "யாரு", "வேணாம்", "வந்தாச்சு". அப்புறம் "இடது", "வலது". இந்தக் கடைசி இரண்டும் இருந்தன, ஆனால் பல தடவை ஒன்றின் இடத்தில் ஒன்று வந்தது, எப்போது மாறும் என்று சொல்ல முடியாது.

பேச்சுப் பயிற்சி நிலையம் ஊரின் மறுகோடியில், மேம்பாலத்தைத் தாண்டி ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை போக வேண்டும். ஃப்ரிட்ஜ்காரர் காரிலிருந்து சாமான்களையெல்லாம் இறக்கிக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, எங்கோ பரணில் கிடந்த பின்சீட்டைத் துடைத்துத் திரும்பப் பொருத்தினார். அதைப் பொருத்தும்போது அவருக்கு அழுகை வந்தது. வேலைக்கு வெளியே போவது அதோடு நின்றது. தூக்கிக்கொண்டு வருகிற ஃப்ரிட்ஜ்களை மட்டும் கொட்டகையிலேயே பார்த்தார்.

வாடகைக் காரில் போகலாம் என்று மகன் சொன்னான். வாடகைக் கார் வாசலில் வந்து நின்றதும் அவள் கோலை ஊன்றிக்கொண்டு, "வேணாம்" என்றாள். தங்கள் காரைத் தவிர எதிலும் ஏற மாட்டேன் என்று பிடிவாதம். மகன் யோசித்துப் பார்த்து, வழி சொல்கிற ஜிபிஎஸ் பெட்டி ஒன்றை வாங்கி அனுப்பினான். அப்பாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன், அதில் வரைபடம் எதுவும் வராது. பெட்டி ஒரு சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. முன்கண்ணாடியில் ரப்பரை அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும், சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் வயரைச் செருகினால் உயிர் வரும். போக வேண்டிய இடத்தை மகன் முன்கூட்டியே பதிந்து அனுப்பியிருந்தான்.

"ஒண்ணுமே இல்லப்பா. பச்சைப் பட்டனை அமுக்குங்க. அது சொல்ற பக்கம் திரும்புங்க. குழந்தைகூட ஓட்டிடும்."

"குழந்தைக்கு லைசென்ஸ் தர மாட்டாங்களே" என்றார் இவர். மகன் சிரித்தான். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாகியிருந்தது, அதுவும் போனில்தான் கேட்டது.

முதல் நாள் பெட்டியைக் கண்ணாடிக்கு நடுவில் ஒட்டிக்கொண்டு கிளம்பினார். கேட்டைத் தாண்டியதும் ஒரு பெண் குரல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி, "இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்றது. அவள் தூக்கிவாரிப் போட்டதுபோல நிமிர்ந்தாள். பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒருவரும் இல்லை.

"யாரு?" என்றாள்.

"பெட்டிம்மா. தம்பி வாங்கி அனுப்பினான்ல, அதுதான் பேசுது."

"யாரு?" என்று மறுபடி கேட்டாள். அந்த "யாரு"வில் இருந்த கோபம் கல்யாணமானவர்களுக்குப் புரியும். தன் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து தன் புருஷனுக்கு வழி சொல்வதை அவள் கேட்டுக்கொண்டிருக்கத் தயாரில்லை. கழுத்தைத் திருப்பி, இடது கையை நீட்டி வயரைப் பிடித்து இழுத்துப்போட்டாள். பெட்டி செத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? "இடது" என்று அவள் சொன்ன பக்கமெல்லாம் இவர் இடதிலேயே திரும்பினார், வலது என்றால் வலதில் திரும்பினார். மேம்பாலத்துக்குப் பதில் ஒரு மர அறுப்புப் பட்டறையின் வாசலில் போய் நின்றார்கள். அவள் டாஷ்போர்டைத் தட்டக் கையைத் தூக்கிவிட்டு, வாசலைப் பார்த்து, கையை மெல்ல மடியில் போட்டுக்கொண்டாள். பயிற்சி நேரம் முடிந்துவிட்டிருந்தது.

மறுதடவை வழியில் நாலு பேரிடம் கேட்டுக் கேட்டு எப்படியோ போய்ச் சேர்ந்தார். பேச்சு டீச்சர் சின்ன வயதுக்காரி. அறையில் ஒரு மேசை, ஒரு கண்ணாடி, படம் போட்ட அட்டைகள். குடையைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் இவள் ஐந்து நிமிஷம் போராடி வேறு எதையோ சொல்வாள். முடிந்ததும் டீச்சர் இவரைத் தனியே கூப்பிட்டாள்.

"மனசுல நினைக்கிறது அவங்களுக்குச் சரியாத்தான் இருக்கு சார். வாய்க்கு வர்ற வழியிலதான் மாறிப்போகுது. தப்பாச் சொல்லிட்டோம்னு அவங்களுக்குத் தெரியறதில்ல. நான் சொல்லித் தர்றது ஒரு பங்குதான். பேசணும்கிற ஆசை அவங்களுக்கு இருக்கணும். இந்த முதல் சில மாசம்தான் முக்கியம். இப்ப விட்டுட்டாங்கன்னா அப்புறம் கொண்டுவர்றது ரொம்பக் கஷ்டம்."

"வீட்டுல பேசவே மாட்டேங்கிறா டீச்சரம்மா. கார்ல ஏறினா மட்டும் வழி சொல்றா. அதுவும் தலைகீழா."

"சொல்லட்டும் சார். அதைத் தடுத்துடாதீங்க. அவங்க பேசணும்னு பேசறது அது ஒண்ணுதான்."

அன்று ராத்திரி ஃப்ரிட்ஜ்காரர் காருக்குள் உட்கார்ந்து யோசித்தார். பெட்டியைக் கேட்டால் இவள் வாய் மூடிக்கொள்ளும். இவளைக் கேட்டால் பேச்சு டீச்சரிடம் போய்ச்சேர முடியாது. எந்த ரிப்பேருக்கும் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிக்கிறவர் இதற்கும் ஒன்றைக் கண்டுபிடித்தார். பெட்டியின் சத்தத்தை முழுக்கக் குறைத்தார். நடுக் கண்ணாடியிலிருந்து பிடுங்கி, தன் பக்கத்துக் கதவை ஒட்டி, கண்ணாடியின் வலது ஓரத்தில் கீழே ஒட்டினார். வயரை ஸ்டியரிங்குக்கு அடியில் செருகி மறைத்தார். அந்த ஓரம் அவள் பார்வைக்கு வரவே வராத ஓரம். அவளுடைய குறையை அவளுக்கு எதிராகவே பயன்படுத்துகிறோம் என்று அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் ஒட்டினார்.

அது பலித்தது. அவள் "இடது" என்பாள். இவர் ஓரக்கண்ணால் பெட்டியைப் பார்த்து, அம்பு வலது காட்டினால் வலதில் திரும்புவார். அவளுக்கு அது சரியாகவே பட்டது. வாய் என்ன சொன்னாலும் மனசுக்குள் அவள் நினைத்தது வலதுதானோ என்னவோ, திருப்தியாகத் தலையசைப்பாள். சில முச்சந்திகளில் அவள் நீளமாக என்னவோ சொல்வாள். "அந்தச் செருப்பு, கதவு... பொத்தான்... அங்க, இடது." அது எந்த ஃப்ரிட்ஜ் வீடு என்று இவருக்குப் பிடிபடாது. "ஆமாம்மா, அதேதான்" என்று சொல்லிவிட்டு அம்பைப் பார்ப்பார். அவள் நிஜமாகவே வழி தெரிந்துதான் சொல்கிறாளா, இல்லை நான் திரும்புகிற பக்கத்தைத்தான் தான் சொன்னதாக நினைத்துக்கொள்கிறாளா? அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழியும் இல்லை. வழி தெரியாதவன் எதை வைத்து ஒத்துப்பார்ப்பது?

மாடிக் கட்டடத்தின் வாசலில் வண்டி நின்றதும் அவள் இடது கையால் டாஷ்போர்டைத் தட்டுவாள். "வந்தாச்சு." பிசிறில்லாமல் பழைய குரலில் வரும். கோலை ஊன்றி இறங்கும்போது முகத்தில் ஒரு மிடுக்கு இருக்கும். உள்ளே போய் டீச்சரிடம் காரைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, "நான்" என்பாள். நான்தான் கூட்டி வந்தேன் என்று அர்த்தம். டீச்சர் கை தட்டுவாள். அந்த மிடுக்கிலேயே குடைக்குக் "குடை" என்று வந்தது ஒருநாள். இன்னொரு நாள் "தண்ணி". வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்றுகொண்டு "தண்ணி" என்றாள். இவர் அவசரத்தில் டம்ளரை வழிய வழிய நிரப்பி நீட்டினார்.

ஒவ்வொரு தடவையும் மேம்பாலத்தில் ஏறும்போது இவர் அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். இவள் சட்டென்று கழுத்தைத் திருப்பினால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்லவேளையாக அவள் திரும்ப மாட்டாள். இடது கையால் வலது கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள், பிடிக்காவிட்டால் அது மடியிலிருந்து நழுவிச் சீட்டின் இடுக்கில் தொங்கிவிடும். அதனால் கையைக் காட்டி வழி சொல்வதும் கிடையாது. எல்லாம் வாய்தான். கண் மட்டும் ரோட்டின் மேலேயே இருக்கும். மகன் போன் பண்ணினால், "பெட்டி நல்லா வேலை செய்யுதாப்பா?" என்று கேட்பான். "பிரமாதமா வேலை செய்யுது" என்பார். அதில் பொய் எதுவும் இல்லை.

மகன் லீவு போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தான். நல்ல பிள்ளை, அதில் சந்தேகமே வேண்டாம். வந்த அன்றே குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்துக் கொடுத்தான். பயிற்சிக்குத் தானும் வருகிறேன் என்றபோது ஃப்ரிட்ஜ்காரருக்குப் பகீரென்றது. பெட்டி விஷயத்தை அவனிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். ஆனால் அவள் அவனை விட்டு ஒரு நிமிஷம்கூட நகரவில்லை. மகன் கையைப் பிடித்துக்கொண்டே காருக்கு வந்தாள். இவர் கண்ணால் ஜாடை காட்டினார். மகன், "கண்ணுல ஏதாவது விழுந்துடுச்சாப்பா?" என்று கேட்டான்.

கார் கிளம்பியது. மகன் பின்சீட்டில் இவருக்கு நேர் பின்னால். அம்மா வழி சொல்வதைக் கேட்டு முதலில் சிரித்தான், அப்புறம் அவனுக்கே முகம் வாடியது. அவள் வலது என்றதற்கு அப்பா இடதில் திரும்பியதைக் கவனித்தான். தலையை நீட்டிப் பார்த்தான், ஓரத்தில் ஒளிந்திருந்த பெட்டி கண்ணில் பட்டுவிட்டது.

"என்னப்பா, இவ்வளவு ஓரமா வச்சிருக்கீங்க? சத்தம் வேற வரல. இதைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே ஓட்டுறீங்களா? எங்கயாவது இடிச்சீங்கன்னா என்ன ஆகும்?"

"அது இருக்கட்டும், நீ சும்மா இரு" என்றார் இவர். அதற்குள் ரவுண்டானா வந்துவிட்டது. நாலு பக்கமிருந்தும் வண்டிகள். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், காலொன்று பிரேக்கில். மகன் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பெட்டியின் பக்கவாட்டிலிருந்த சத்தப் பொத்தானை அமுக்குவது தெரிந்தது. தட்டிவிட அவருக்கு மூன்றாவது கை இல்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, "இடது" என்றாள்.

"வலதுபுறம் திரும்பவும்" என்றது பெட்டி.

பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தது. இவருக்கு வேறு போக்கில்லை. வலதில் திரும்பினார். அடுத்த முச்சந்தி வந்தது. இந்தத் தடவை குரல் பாதியாக, கேட்பதுபோல, "வலது?" என்றாள். "இடதுபுறம் திரும்பவும்" என்றது பெட்டி, அதே பாடம் ஒப்பிக்கிற குரலில். இவர் இடதில் திரும்பினார்.

அவள் கழுத்தைத் திருப்பினாள். மெல்ல, தோளோடு சேர்த்து, முழுசாகத் திருப்பினாள். முதலில் இவரைப் பார்த்தாள். அப்புறம் இவரைத் தாண்டிக் கண்ணாடியின் வலது ஓரத்தைப் பார்த்தாள். பச்சைக் கோடு ஒன்று நகர்ந்துகொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி திரும்பி இடது பக்க ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மகன் முன்னால் சாய்ந்து அவள் தோளைத் தொட்டான். "அம்மா, நீங்க எதுக்குச் சிரமப்படறீங்க? நீங்க ரெஸ்ட் எடுங்க. எல்லாத்தையும் அதுவே சொல்லிடும்" என்றான். எவ்வளவு பிரியமாகச் சொன்னான் என்பதுதான் கொடுமை. அவனைத் திட்டக்கூட இவருக்கு வாய் வரவில்லை. மாடிக் கட்டடத்தின் வாசலில் வண்டி நின்றது. "நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்" என்றது பெட்டி. இவர் என்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். டாஷ்போர்டில் தட்டு விழவில்லை.

அன்று உள்ளே அவள் வாயைத் திறக்கவில்லை. டீச்சர் குடையைக் காட்டினாள், டம்ளரைக் காட்டினாள், கடைசியில் ஜன்னல் வழியே காரைக் காட்டினாள். அவள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்து டீச்சர், "என்ன சார் ஆச்சு? போன தடவை எவ்வளவு நல்லா பேசினாங்க" என்று கேட்டாள். இவர் நடந்ததைச் சொன்னார். மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா" என்றான்.

"சொல்லத்தான் பாத்தேன்."

ஊருக்குப் போகிறவரைக்கும் மகன் அம்மா காலடியிலேயே உட்கார்ந்து பழைய கதையெல்லாம் பேசிப் பார்த்தான். அவள் அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். பேசவில்லை. அப்புறம் இரண்டு தடவை இவர் பயிற்சிக்குக் கூட்டிப்போனார், பெட்டியைத் திரும்ப நடுக் கண்ணாடியில் வைத்து, அதன் குரலைக் கேட்டுக்கொண்டே. இனி ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? அவள் வயரைப் பிடுங்கவில்லை. அதுதான் இவருக்கு அதிகம் வலித்தது. "யாரு" என்று அவள் கோபமாகக் கேட்க மாட்டாளா என்று ஏங்கினார். பயிற்சி அறையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தாள். வீட்டில் தாகம் எடுத்தால் தானே கோலை ஊன்றிப் போய்க் குடித்தாள். "தண்ணி" என்ற வார்த்தை இப்போது அவளிடம் இருக்கிறதா போய்விட்டதா என்றுகூட இவருக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த தடவை, கிளம்புவதற்கு முன்னால், அவளைச் சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட் மாட்டிவிட்டு, அவள் பார்க்கும்படியாகப் பெட்டியைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கினார். வயரைச் சுருட்டினார். உள்ளே எடுத்துப்போய்க் கொட்டகை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, வெறுங்கையை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்க. எங்கயும் ஒளிச்சு வைக்கல. இன்னைக்கு நீதான் சொல்லணும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். இவர் காரை எடுத்தார். இத்தனை தடவை போய்வந்த வழி ஓரளவு ஞாபகம் இருக்கும் என்று நம்பினார். எதை நம்பி நம்பினாரோ. இரண்டு திருப்பம் தாண்டியதும் எல்லாத் தெருவும் ஒன்றுபோலத் தெரிந்தன. "எந்தப் பக்கம்மா?" என்றார். அவள் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. குத்துமதிப்பாகத் திரும்பினார். மறுபடி கேட்டார், மறுபடி குத்துமதிப்பாகவே திரும்பினார். ஒரு நீளமான மதில் வந்தது, ஒரு பெட்ரோல் பங்க் வந்தது, அப்புறம் அதே மதில் மறுபடி வந்தது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஆகிவிட்டது. ஷட்டர் போட்டிருந்த ஒரு கடை வாசலில் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"உன்ன ஏமாத்தணும்னு செய்யலம்மா" என்றார். "நீ பேசிக்கிட்டே இருக்கணும்னுதான் செஞ்சேன். எனக்கு வழி தெரியாதுன்னு உனக்குத் தெரியாதா? நீ சொல்லலைன்னா நான் எங்கன்னு போவேன்? இப்படியே இங்கயே நிக்க வேண்டியதுதான்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். ரோட்டில் போகிறவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவள் அவர் பக்கம் கழுத்தைத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, மடியில் பிடித்திருந்த வலது கையை விட்டாள். அது நழுவிச் சீட்டின் இடுக்கில் தொங்கியது. விடுபட்ட இடது கையைத் தூக்கி, குறுக்காக நீட்டி, வலது பக்கத் தெருவைக் காட்டினாள்.

ஃப்ரிட்ஜ்காரருக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார். அடுத்த திருப்பத்தில் கை இடது காட்டியது. இடதில் போனார். அதற்கடுத்து நேராகப் போகச் சொல்லி முன்னால் நீண்டது. அந்தக் கையில் தயக்கமே இல்லை. திருப்பம் வருவதற்கு முன்னாலேயே நீளும், திரும்பியதும் மடியில் விழும். வலது கையை எடுத்து வைத்துக்கொள்ளக்கூட அவள் நினைக்கவில்லை. இவள் எல்லாவற்றையும் தெரிந்துதான் வைத்திருந்தாள், அத்தனை நாளும் தெரிந்தேதான் சொன்னாள் என்று அவருக்கு நிச்சயமாயிற்று. ஒரு பச்சை கேட்டைக் கடந்தபோது அவருக்கே ஒரு வீடு அடையாளம் தெரிந்தது.

"ஏம்மா, இது எலி வயரைக் கடிச்ச வீடு இல்ல?"

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள். தொண்டையில் சிரிப்புப் போல ஒன்று வந்தது. இவர் பூரித்துப்போனார். அடுத்த மூலையில், "இது ஐஸ் கட்டிக் கதவு மூடாம இருந்த வீடு" என்றார் சத்தமாக. அதற்கும் தலையாட்டினாள். அவள் சொல்ல வேண்டியதை இவர் சொன்னார், இவர் ஆட்ட வேண்டிய தலையை அவள் ஆட்டினாள். டீச்சரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று அவர் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே ஓட்டினார். அந்த வீடுகள் ஊரின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று அவர் யோசிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அப்போதே புரிந்திருக்கும்.

கை கடைசியாக ஒருமுறை இடது காட்டியது. திரும்பினார். கொட்டகை தெரிந்தது. கொட்டகை வாசலில் கதவு கழற்றி வைத்த ஃப்ரிட்ஜ் ஒன்று காலையில் விட்டுவிட்டுப் போனபடியே நின்றது. தங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் அவர் பிரேக்கை மிதித்தார்.

அவள் டாஷ்போர்டை ஒரு தட்டுத் தட்டினாள். "வந்தாச்சு" என்றாள்.

"டீச்சர்கிட்ட போகணும்மா" என்றார் அவர் மெதுவாக. "காத்துக்கிட்டிருப்பாங்க."

"வேணாம்" என்றாள்.

சொன்னது இரண்டே வார்த்தை. இரண்டும் நினைத்தபடியே வந்தன. காட்டிய திருப்பங்களில் ஒன்றுகூடத் தப்பில்லை. அலமாரியைத் திறந்து பெட்டியைக் கொண்டுவந்து ஒட்டலாம், பச்சைப் பட்டனை அமுக்கலாம், பெல்ட் மாட்டியபடி இருக்கிறவளை அது சொல்கிற வழியில் கொண்டுபோய் இறக்கலாம். ஆனால் அவள் காட்டிய வழியை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. எப்படி மறுப்பது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. சீட்டின் இடுக்கில் தொங்கிய அவளுடைய வலது கையை எடுத்து மடியில் வைத்தார். என்ஜினை அணைத்தார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. டீச்சர்தான்.

"இன்னும் வரலையே சார்? வழி தப்பிட்டீங்களா?"

"இல்ல டீச்சரம்மா" என்றார். "வழியெல்லாம் சரியாத்தான் சொன்னா."